இந்திய நிறுவனங்களும் சமூகப் பொறுப்பும்: மகமை முதல் இரண்டு விழுக்காடு வரை

நிறுவனச் சமூகப் பொறுப்பு என்பது, ஒரு தொழில் நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கு லாபம் ஈட்டித் தருவதோடு, தன்னிடம் வேலை செய்வோர், தன் பொருளை வாங்குவோர், ஆலையைச் சுற்றி வாழ்வோர், அங்குள்ள நீர், நிலம், காற்று ஆகியவற்றுக்கும் கடமைப்பட்டது என்னும் கருத்தாகும். இந்தியாவில் இதைச் சி.எஸ்.ஆர். என்ற சுருக்கப் பெயரால்தான் பலரும் அறிவர். அரசுப் பள்ளியில் கட்டித் தரப்பட்ட கழிப்பறை, கிராமத்தில் நடக்கும் கண் சிகிச்சை முகாம், ஏரிக்கரையில் நட்ட மரக்கன்றுகள், பக்கத்திலேயே நிறுவனத்தின் பெயர் எழுதிய பலகை: சி.எஸ்.ஆர். என்றதும் நினைவுக்கு வருபவை இவைதாம். மேலே சொன்ன விளக்கத்தின் பெரும்பகுதி அந்தப் பலகைக்குள் அடங்குவதில்லை. லாபம் வந்த பிறகு அதில் ஒரு பகுதியைக் கொடுப்பது பொறுப்பு என்றாகிவிட்டது. லாபம் எப்படி வந்தது என்ற கேள்வி தனியாகப் பிரிந்து வேறு இடங்களுக்குப் போய்விட்டது. இந்தப் பிரிவு 2013ஆம் ஆண்டின் சட்டத்தால் உண்டானதன்று. அதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

மகமையும் அறக்கட்டளையும்

நிறுவனச் சட்டங்கள் வருவதற்கு முன்பே வணிகர்கள் பொதுக் காரியங்களுக்குப் பணம் ஒதுக்கி வந்தனர். தென் தமிழகத்து நாடார் வணிகர்களின் மகமை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடைக்கு வரும், கடையிலிருந்து போகும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஊர் உறவின்முறை வசூலித்த தொகை அது. அதிலிருந்து கோயில், கிணறு, பள்ளி ஆகியவை நடந்தன. விருதுநகரில் 1880களில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடியரிசியும் சேர்த்தார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் காமராசர்.

மகமையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது லாபத்திலிருந்து கொடுத்த நன்கொடையாக இல்லை. நட்டம் வந்த வருடத்திலும் சரக்கு நகர்ந்தால் மகமை கட்ட வேண்டும். கட்டாதவர் உறவின்முறைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே வணிகரிடமிருந்து கட்டாயமாகத் தொகை பெறுவது இந்த நாட்டுக்குப் புதிது என்று பின்னாளில் எழுந்த வாதம் முழுதும் சரியன்று. பயன் பெரும்பாலும் சொந்தச் சமூகத்தின் எல்லைக்குள் நின்றது என்பதுதான் அதன் குறை.

ஆலைத் தொழில் வளர்ந்தபோது இந்த வழக்கம் அறக்கட்டளை வடிவம் எடுத்தது. கோவை பி.எஸ்.ஜி. குடும்பத்தின் நான்கு சகோதரர்கள் 1926இல் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கினார்கள். பி.எஸ்.ஜி. கல்வி நிறுவனங்களின் தொடக்கம் அதுதான். சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய கல்லூரிகள் 1929இல் பல்கலைக்கழகமாயின. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே அமைந்தது. இவற்றில் படித்து முன்னேறிய குடும்பங்கள் கணக்கில் அடங்கா. ஆனால் இவை யாவும் முதலாளி தன் விருப்பப்படி, தான் தேர்ந்த காரியத்துக்குக் கொடுத்தவை. தொழிலாளி கேட்டதைக் கொடுப்பது வேறு சங்கதியாகவே இருந்தது.

கொடுத்த கையும் கூலியும்

அகமதாபாத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்தால் இது தெளிவாகும். 1915இல் காந்தி தம் ஆசிரமத்தில் தீண்டத்தகாதவர் எனப்பட்ட ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டதும் உதவி செய்துவந்தோர் பணத்தை நிறுத்திவிட்டனர். ஆசிரமத்தை மூடும் நிலை. அப்போது ஒரு செல்வர் காரில் வந்து 13,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனார். அவர் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் என்பது பிறகு தெரிந்தது.

மூன்று ஆண்டு கழித்து, 1918இல், அதே நகரின் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முந்தைய ஆண்டு பிளேக் பரவியபோது தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாமலிருக்க ஆலைகள் பிளேக் படி கொடுத்தன. நோய் தணிந்ததும் அதை நிறுத்தினார்கள். விலைவாசி மட்டும் இறங்கவில்லை. தொழிலாளர் சார்பில் காந்தி கேட்டது 35 விழுக்காடு உயர்வு. முதலாளிகள் 20க்கு மேல் தர மறுத்தனர். முதலாளிகள் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசுயா. காந்தி உண்ணாவிரதம் இருந்த மூன்றாம் நாள் சமரசம் ஏற்பட்டது. நடுவர் பின்னர் 35 விழுக்காட்டையே தீர்ப்பாகத் தந்தார்.

சாராபாயை இரட்டை வேடக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவர் தாராள மனத்தர் என்பதில் ஐயமில்லை. கொடை அவர் மனத்தைப் பொறுத்தது, கூலி சந்தையைப் பொறுத்தது என்று அவர் நினைத்தார். அந்தத் தலைமுறை முதலாளிகள் பலரும் அப்படியே நினைத்தார்கள்.

சென்னையிலும் இதையொத்த கதை உண்டு. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தின. நல்ல முதலாளி என்று பெயரும் பெற்றன. ஆனால் மதிய உணவு இடைவேளை போதவில்லை என்று தொழிலாளர்கள் சொன்ன குறை பல காலம் தீரவில்லை. 1918இல் பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியோர் சென்னைத் தொழிற்சங்கத்தை அமைத்தபோது பேசப்பட்ட குறைகளில் அதுவும் ஒன்று. சங்கத் தலைவர்கள்மீது நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கின் அதிர்ச்சிதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது.

இதற்கு மாறானது என்று எப்போதும் காட்டப்படுவது ஜாம்ஷெட்பூர். டாடா இரும்பாலை 1912இல் 8 மணி நேர வேலையையும், 1915இல் இலவச மருத்துவத்தையும், 1920இல் சம்பளத்துடன் விடுப்பையும் வருங்கால வைப்பு நிதியையும், 1928இல் பேறுகால உதவியையும் நடைமுறைப்படுத்தியது. சட்டம் கேட்பதற்கு முன்பே செய்தார்கள் என்பது உண்மை. 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் அங்கே பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன என்பதும் உண்மை. கடைசி வேலைநிறுத்தம் பல மாதம் நீண்டு சுபாஷ் சந்திர போஸ் தலையிட்ட பிறகே முடிந்தது. நிறுவன வரலாற்று நூல்கள் முதல் பட்டியலை விரிவாகச் சொல்லி இரண்டாவதைச் சுருக்கமாகக் கடந்து செல்லும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மாணவருக்குத்தான் சலுகை எங்கே முடிகிறது, உரிமை எங்கே தொடங்குகிறது என்பது புலப்படும்.

தர்மகர்த்தாக் கொள்கையும் 1965ஆம் ஆண்டுப் பிரகடனமும்

செல்வர் தம் செல்வத்துக்கு உரிமையாளர் அல்லர், சமூகத்தின் சார்பில் அதைக் காக்கும் தர்மகர்த்தா என்பது காந்தியின் கொள்கை. ஜம்னாலால் பஜாஜ், ஜி. டி. பிர்லா போன்றோர் அதை மதித்தனர். விடுதலைப் போராட்டத்துக்குப் பணமும் தந்தனர். முதலாளியின் மனமாற்றத்தை நம்பிய கொள்கை என்பதால் அதை மறுக்க யாருக்கும் தேவை எழவில்லை.

விடுதலைக்குப் பின் உரிமமும் உயர்ந்த வரியும் வந்தன. சமூகக் கடமையை அரசே செய்யும், வரி கட்டினால் போதும் என்ற எண்ணம் தொழில் துறையில் பரவியது. வரியையும் முழுதாகக் கட்டியவர்கள் குறைவு. இந்தச் சூழலில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முயற்சியால் 1965இல் தில்லியில் வணிகத்தின் சமூகப் பொறுப்புகள் பற்றிய கருத்தரங்கு நடந்தது. வணிகம் தனக்கும், வாடிக்கையாளருக்கும், தொழிலாளருக்கும், பங்குதாரருக்கும், சமூகத்துக்கும் பொறுப்புடையது என்று அங்கே பிரகடனம் வெளியிட்டனர். அதில் கொடை என்பது மையமாக இல்லை. தொழிலை நடத்தும் முறையே மையம். அந்தப் பட்டியல் இன்றைய பாடநூல் விளக்கத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆனால் கையொப்பமிட்டவர் எவரும் கணக்குக் காட்ட வேண்டிய ஏற்பாடு அதில் இல்லை. 1978இல் நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு, நிறுவனங்கள் தம் சமூகச் செயல்பாட்டையும் ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதுவும் கிடப்பில் போயிற்று. டாடா இரும்பாலை மட்டும் அந்நாளில் தானாக முன்வந்து வெளியாரைக் கொண்டு சமூகத் தணிக்கை செய்துகொண்டது.

போபால், நொய்யல்

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். வாயுவைக் குளிர்விக்கும் கருவி நிறுத்தப்பட்டிருந்தது. கசிவை எரிக்கும் கோபுரமும் பயன்பாட்டில் இல்லை. நிறுவனம் 47 கோடி டாலர் கொடுத்து 1989இல் உடன்பாடு செய்தது. பாதிக்கப்பட்டோருக்கு அந்தத் தொகை எவ்வளவு குறைவு என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. அபாயகரமான தொழில் செய்யும் நிறுவனம் கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று, தில்லியில் நடந்த வேறொரு வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. தொழில் நடத்தும் முறை பற்றிய பொறுப்பு இவ்வாறு நீதிமன்றத்துக்கும் சுற்றுச்சூழல் வாரியங்களுக்கும் உரிய விஷயமாயிற்று.

போபால் ஓர் இரவில் நிகழ்ந்தது. திருப்பூரில் நிகழ்ந்தது இருபது ஆண்டுகளில். 1980களுக்குப் பின் பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் நொய்யல் கரையில் நிறைந்தன. உப்பும் சாயமும் கலந்த கழிவுநீர் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுநீரின் தேக்கமாயிற்று. கீழே ஈரோடு, கரூர் மாவட்ட விவசாயிகள் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. அணை கட்டச் சொல்லிக் கேட்ட ஊர்களில் அணைத் தண்ணீரே வேண்டாம் என்ற குரல்!

அந்த வருடங்களில் திருப்பூரின் தொழில் துறை என்ன நினைத்தது என்பது சுவையான கேள்வி. நாங்கள் அந்நியச் செலாவணி ஈட்டுகிறோம், லட்சக்கணக்கானோருக்கு வேலை தருகிறோம், சுத்திகரிப்புச் செலவை அரசு ஏற்கட்டும் என்பது பொதுவாகச் சொல்லப்பட்ட வாதம். அதை வெறும் பேராசை என்று ஒதுக்கவும் முடியாது. பட்டறைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சாயம் போடுபவர். அவருக்கு விலை சொல்பவர் ஏற்றுமதியாளர். ஏற்றுமதியாளருக்கு விலை சொல்பவை ஐரோப்பிய, அமெரிக்க விற்பனை நிறுவனங்கள். அந்த நிறுவனங்களே குழந்தைத் தொழிலாளர் கூடாது, கழிப்பறை வேண்டும், தீயணைப்புக் கருவி வேண்டும் என்று நடத்தை விதிகளையும் அனுப்பி, ஆண்டுதோறும் தணிக்கைக்கு ஆள் விட்டன. விதிகள் கூடின, சட்டைக்குத் தரும் விலை அதற்கேற்பக் கூடவில்லை. தணிக்கையாளர் தைக்கும் கூடத்தைப் பார்த்துவிட்டுப் போவார். ஆறு எங்கே போகிறது என்பது அவருடைய படிவத்தில் பெரும்பாலும் இருக்காது.

நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடக்கூடாது என்று ஆணையிட்டது. ஆணை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே முடங்கியது. அதன் பிறகுதான் தமிழக அரசின் வட்டியில்லாக் கடனும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் மேம்பாடும் வேகம் பிடித்தன. இன்று கழிவுநீரை மறுசுழற்சி செய்து பயன்படுத்துவதைத் திருப்பூர் தன் பெருமையாக வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சொல்கிறது. கரூர் பக்கத்து விவசாயிகள் வழக்குத் தொடுத்திராவிட்டால் அந்தப் பெருமை கிடைத்திருக்காது.

இரண்டு விழுக்காட்டுச் சட்டம்

2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகளில் சுமார் 7,000 கோடி ரூபாய்க்குப் பொய் எழுதியதாக ஒப்புக்கொண்டார். 2005இல் ஐதராபாத்தில் 108 அவசர ஊர்தி சேவையைத் தொடங்கியவரும் அவரே. 2008இல் தமிழகத்துக்கும் வந்து எத்தனையோ உயிர்களைக் காத்த சேவை அது. சமூகத் தொண்டில் முன்னின்ற நிறுவனத்தின் கணக்கே பொய்யானது நாட்டை உலுக்கியது. நிறுவனச் சட்டத்தை மாற்றும் முயற்சி சூடுபிடித்தது. அதே ஆண்டு அரசு சமூகப் பொறுப்புக்கு விருப்ப நெறிமுறைகளை வெளியிட்டது. 2010இல் நாடாளுமன்ற நிதி நிலைக்குழு, விருப்பம் போதாது, சட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்றது.

தொழில் அமைப்புகள் எதிர்த்தன. இது வேறு பெயரில் வரி, மறுபடியும் இன்ஸ்பெக்டர் ராஜ்ஜியம், தானம் தடியால் வராது என்பன அவர்களின் வாதங்கள். ஓரளவு வென்றார்கள் என்றே சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135ஆம் பிரிவு செலவிடு, இல்லையேல் காரணம் சொல் என்ற வடிவில்தான் வந்தது. நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது நடப்புக்கு வந்தது. உலகில் இப்படிச் சட்டம் செய்த முதல் நாடு இந்தியா என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். மொரீசியஸ் 2009இலேயே லாபத்தில் 2 விழுக்காடு ஒதுக்கச் சொல்லிவிட்டது.

சட்டத்தின் விதிகளில் எவை சமூகப் பொறுப்பு ஆகாது என்ற பட்டியல் முக்கியமானது. வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வது ஆகாது. தன் ஊழியருக்கு மட்டும் பயன் தருவது ஆகாது. நியாயமான விதிதான்; கழிவுநீரைச் சுத்திகரிப்பதையும் ஊழியருக்கு உணவு தருவதையும் தர்மக் கணக்கில் எழுதவிட்டால் ஏமாற்றுக்குக் கதவு திறந்துவிடும். ஆனால் இதன் விளைவாகச் சமூகப் பொறுப்பு என்ற சொல்லே ஆலை மதிலுக்கு வெளியே செய்யும் செலவுக்குப் பெயராயிற்று. அதே சட்டத்தின் 166ஆம் பிரிவு, இயக்குநர்கள் ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் கருதி நடக்க வேண்டும் என்கிறது. 135க்குக் கருத்தரங்குகளும் விருதுகளும் ஆலோசனை நிறுவனங்களும் உண்டு. 166ஐப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை.

பணம் வந்தது. 2014-15இல் சுமார் 10,000 கோடியாக இருந்த செலவு 2022-23இல் ஏறக்குறைய 30,000 கோடி ரூபாயைத் தொட்டது. கல்வியும் மருத்துவமும் பெரும்பங்கு பெற்றன. சொந்த வட்டாரத்துக்கு முன்னுரிமை என்பதால் மகாராட்டிரம் போன்ற தொழில் வளமுள்ள மாநிலங்கள் அதிகம் பெற்றன. வடகிழக்கு மாநிலங்களுக்குக் கொஞ்சமே போயிற்று. 2018இல் தர்மபாலா, கன்னா என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: முன்பு கொடுக்காதவர்கள் கொடுக்கத் தொடங்கினர், முன்பே 2 விழுக்காட்டுக்கு மேல் கொடுத்தவர்கள் குறைத்துக்கொண்டனர். குறைந்தபட்சம் என்று சட்டம் சொன்ன அளவு சிலருக்கு உச்சவரம்பு ஆகிவிட்டது.

செலவிடாத அதிகாரிகளுக்கு 3 ஆண்டு வரை சிறை என்று 2019இல் திருத்தம் வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பிரிவு நடப்புக்கு வராமலே கைவிடப்பட்டது. 2021 ஜனவரி முதல் அபராதம் மட்டும் உண்டு. செலவிடாத தொகையைத் தனிக் கணக்கிலோ அரசு குறித்த நிதியிலோ சேர்த்துவிட வேண்டும். பத்தாண்டுக்கு முன் வரி என்று எதிர்த்ததை இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் வரியைப் போலவே அமைதியாகக் கட்டிவிடுகின்றன.

கொரோனா காலத்துச் சுற்றறிக்கை

2020 ஏப்ரல் 10ஆம் தேதி மத்திய நிறுவன விவகார அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. பி.எம். கேர்ஸ் நிதிக்குத் தரும் பணம் சமூகப் பொறுப்புச் செலவாகும். முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் தருவது ஆகாது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தரலாம். ஊரடங்குக் காலத்தில் ஊழியருக்கும் தற்காலிகத் தொழிலாளருக்கும் தரும் சம்பளம் நிறுவனத்தின் தார்மீகக் கடமை, ஆகவே சமூகப் பொறுப்புக் கணக்கில் வராது. தற்காலிகத் தொழிலாளருக்குக் கூலிக்கு மேல் கருணைத்தொகை கொடுத்தால் ஒரு முறைக்கு மட்டும் ஏற்கப்படும்.

அதற்கு முன், மார்ச் 29ஆம் தேதி, ஊரடங்கு நாள்களுக்கும் முழுக் கூலி கொடுக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் ஆணையிட்டிருந்தது. அதை எதிர்த்து நிறுவனங்கள் சில உச்ச நீதிமன்றம் சென்றன. உற்பத்தியே இல்லாதபோது கூலிக்குப் பணம் ஏது என்பது சிறு முதலாளிகளின் கேள்வி. மே 18 முதல் அந்த ஆணை விலக்கப்பட்டது. ஜூன் 12ஆம் தேதி நீதிமன்றம், இரு தரப்பும் தமக்குள் பேசிக் கூலியை முடிவு செய்துகொள்ளலாம் என்றது. அதற்குள் தொழிலாளர்களில் பலர் சொந்த ஊருக்குப் போயிருந்தனர்.